எண்ணத் தெரியாத பெட்டி: பிளேயரில் பாட்டும் கதையும் ஏன் வரிசை மாறுகின்றன?

கொடை விழாவில் பாடிய வில்லுப்பாட்டு ஒன்றைப் பதிவு செய்து, பகுதி பகுதியாக வெட்டி, மெமரி கார்டில் ஏற்றி ஸ்பீக்கரில் செருகுகிறீர்கள். காப்பில் தொடங்க வேண்டிய பாட்டு அவையடக்கத்தில் தொடங்குகிறது. அடுத்து நேரே கதை. கதையிலும் முதல் பகுதி முடிந்த கையோடு பத்தாம் பகுதி வந்துவிடுகிறது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அதற்குள் கல்யாணம் நடக்கிறது. கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று சாதுவாக நிற்கிறது.

“எண்ணத் தெரியாத பெட்டியப் பிடிச்சு எந்தலையில கட்டிட்டியே மக்ளே” என்று தக்கலைப் பக்கம் ஒரு பெரியவர் கடைப் பையனிடம் சண்டைக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு எண்ணத் தெரியும், நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது, அவ்வளவுதான். எந்த பிளேயராக இருந்தாலும் மூன்று வழக்கங்களில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகும். ஃபைல்கள் கார்டுக்குள் வந்து சேர்ந்த வரிசை ஒன்று. ஃபைல் பெயரின் எழுத்து வரிசை இன்னொன்று. ஃபைலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் டிராக் எண் மூன்றாவது. உங்கள் பெட்டிக்கு எது வழக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போனும் நெட்டும் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். நம் குமரி மாவட்டத்தில் அதற்குப் பதில் நிறைய இருக்கிறது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு, பைக்குள் கிடந்து பாடுகிற ஒரு சின்ன செட்டுதான் துணை. மலையடிவாரத் தோட்டங்களில் எல்லா இடத்திலும் நெட்டை நம்ப முடியாது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும், அப்புறம் பென் டிரைவில் இருப்பதுதான் பாட்டு. வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் டச் போனைவிட, அமுக்கினால் பாடுகிற நாலு பட்டன் பெட்டிதான் கைக்கு அடக்கம்.

சினிமாப் பாட்டு வரிசை மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் சிலவற்றை வரிசை இல்லாமல் கேட்கவே முடியாது. வில்லுப்பாட்டு அப்படி. பதிகள், தாங்கல்கள் என்ற அய்யாவழி வழிபாட்டிடங்களில் 17 நாள் நடக்கும் திருஏடு வாசிப்பின் பதிவு அப்படி. வேதாகமத்தில் சங்கீதம் 150, குர்ஆனில் அத்தியாயங்கள் 114, குறளில் அதிகாரங்கள் 133. அந்த 133-ஐத்தான் குமரிக் கடலில் அடிக்கணக்காக்கிச் சிலையாக நிறுத்தியிருக்கிறோம். இந்த மூன்று எண்ணும் நூறைத் தாண்டுகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கார்டுக்குள் இருக்கும் நோட்டு

32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் பெரும்பாலும் ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மட் ஆகி வரும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். இரண்டிலும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஃபைலின் பெயர் என்ன, எவ்வளவு பெரியது, கார்டில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

அந்தப் பட்டியலைக் கல்யாண வீட்டு மொய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மேஜை போட்டு மொய் எழுத உட்கார்ந்தவர் அகர வரிசையா பார்க்கிறார்? யார் முதலில் வந்தாரோ அவர் பெயர் முதல் வரியில், அடுத்து வந்தவர் அடுத்த வரியில். பெரிய மாமா சாயங்காலம் வந்தால் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில்தான். ஃபேட் முறையும் ஃபைல்களை வந்த வரிசையில்தான் எழுதிக்கொள்கிறது.

விலை குறைந்த பிளேயருக்குள் இருக்கும் சிப்புக்கு நினைவகம் மிகக் குறைவு. நானூறு ஐந்நூறு பெயர்களை ஒரேயடியாக எடுத்து வைத்து அடுக்கிப் பார்க்க அதனால் ஆகாது. அதனால் நோட்டை முதல் வரியிலிருந்து வாசிக்கிறது, வாசித்த வரிசையில் பாடுகிறது. கம்ப்யூட்டரோ அதே நோட்டை முழுக்க வாசித்துவிட்டு, தானே அடுக்கி அழகாகத் திரையில் காட்டுகிறது. கம்ப்யூட்டரில் ஒழுங்கு, பெட்டியில் குளறுபடி என்பதன் ரகசியம் இவ்வளவுதான். திரையில் தெரியும் வரிசை கம்ப்யூட்டர் போட்டது. கார்டில் கிடப்பது வேறாக இருக்கலாம்.

பழைய பாட்டு ஒன்றை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றும்போது வருகிற குழப்பத்துக்கும் காரணம் இங்கேதான். அழிக்கும்போது ஃபேட் அந்த வரியைத் துடைப்பதில்லை. வரியின் முதல் பைட்டில் ‘இது காலி’ என்று ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். அடுத்து வருகிற ஃபைல் பெரும்பாலும் அந்தக் காலி வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாவது பாட்டை அழித்துவிட்டு, கடைசியில் சேர்க்கிறோம் என்று நினைத்துப் புதிதாக ஒன்றை ஏற்றுகிறீர்கள். அது ஐந்தாவதாகவே பாடும்.

எப்போதும் அப்படி உட்காருமா என்றால் அதுவும் இல்லை. ஃபேட் பட்டியலின் ஒரு வரி 32 பைட். ஆதியில் ஃபைலின் பெயருக்கு எட்டு எழுத்து, வகையைக் குறிக்க மூன்று எழுத்து என்றுதான் கணக்கு. விண்டோஸ் 95 வந்தபோது நீளமான பெயர்கள் பரவலாயின. பழைய நோட்டை மாற்றாமல், கூடுதல் வரிகளை ஒட்டி அவற்றை எழுதும்படி செய்தார்கள். ஒரு கூடுதல் வரியில் 13 எழுத்து கொள்ளும். நாற்பது எழுத்தில் பெயர் வைத்தால் நான்கு கூடுதல் வரி, மூல வரி ஒன்று, ஆக ஐந்து வரி. அழித்த ஃபைல் மூன்று வரிதான் பிடித்திருந்தது என்றால், ஐந்து வரி கேட்கிற புதிய ஃபைல் அங்கே கொள்ளாமல் வேறு இடம் பார்க்கும். சின்னப் பெயர் நடுவில் புகுந்துவிடும், நீளப் பெயர் கடைசிக்குப் போகும். ஒரே மாதிரி ஏற்றிய இரண்டு பாட்டுகள் இரண்டு இடத்தில் போய் நின்றால் திகைக்க வேண்டாம்.

தமிழில் பெயர் வைக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். கம்ப்யூட்டர் ‘வி’யை ஒரெழுத்தாக எண்ணாது, வ ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. நமக்கு ஏழெழுத்தான ‘வில்லுப்பாட்டு’ அதற்குப் பதினான்கு. ஒரு சொல்லிலேயே ஒரு வரி நிரம்பி வழிந்துவிட்டது.

பெயரைப் பார்த்து அடுக்கும் பெட்டி

கொஞ்சம் வசதியான பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களில் பலவும் பெயரைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். இங்கே தொல்லை வேறு வடிவத்தில் வரும். இவை எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கின்றன. 2, 10 இரண்டையும் பக்கத்தில் வைத்தால், முதல் எழுத்து ஒன்றில் 2, மற்றதில் 1. ஒன்று சிறியது, ஆகவே 10 முன்னால். ‘நாள் 1’ முதல் ‘நாள் 17’ வரை பெயர் வைத்த ஏடு வாசிப்பு ஃபோல்டர்கள் இந்தப் பெட்டியில் 1, 10, 11, 12 என்று 17 வரை ஓடிவிட்டு, அப்புறம்தான் 2-க்கு வரும். இரண்டாம் நாள் வாசிப்பு பத்தாவது இடத்தில் நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே கம்ப்யூட்டர் திரை எண்ணை எண்ணாகப் புரிந்துகொண்டு 1, 2, 3 என்று காட்டுவதால் இந்தக் கோளாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

எண்ணே வேண்டாம், எழுத்தால் எழுதிவிடுவோம் என்று ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று வைத்தால் இன்னும் மோசம். ஆறாம் நாள் முதலில் வரும், அடுத்து இரண்டாம் நாள், அடுத்து எட்டாம் நாள். முதல் நாள் கடைசிக்கு ஒன்று முன்னால், மூன்றாம் நாள் கடைசியில். தொடக்கத்தில் சொன்ன வில்லுப்பாட்டுக்கும் இதுதான் நடந்தது. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்று போக வேண்டியது. எழுத்து வரிசையில் அவையடக்கம், கதை, காப்பு, குருவடி, நாட்டு வளம், வருபொருள், வாழி என்று ஆகிவிட்டது. வாழி மட்டும் ஏதோ புண்ணியத்தில் தன் இடத்திலேயே நிற்கிறது.

தமிழ் எழுத்து வரிசை என்றாலும் நாம் பள்ளியில் படித்த வரிசை என்று நினைக்க வேண்டாம். யுனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது ய, ர, ற, ல, ள, ழ, வ என்று கொடுத்துவிட்டார்கள். ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். சாதாரண பிளேயர் இந்த எண்களைப் பார்த்துத்தான் அடுக்கும். அகராதி பார்த்துப் பெயர் வைத்தாலும் நாலு இடத்தில் தப்பும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, பெயரின் தொடக்கத்தில் பூஜ்யம் சேர்த்த எண். மொத்த ஃபைல்கள் 99 வரை என்றால் 01, 02, 03. நூறைத் தாண்டினால் 001, 002. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன 150, 114, 133 மூன்றுக்கும் மூன்று இலக்கம் வேண்டும். சங்கீதத்துக்கு 01 என்று தொடங்கி 99 வரை நன்றாகப் போய்விட்டு, 100 வந்ததும் அது 10-க்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதை நிறையப் பேர் பாதி ஏற்றிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

நம் வில்லுப்பாட்டில் கதை பன்னிரண்டு பகுதி என்று வைத்துக்கொண்டால் பெயர்கள் இப்படி இருக்கும்: 01 காப்பு, 02 வருபொருள், 03 குருவடி, 04 அவையடக்கம், 05 நாட்டு வளம், 06 கதை, 07 கதை என்று 17 கதை வரை, கடைசியில் 18 வாழி. ‘கதை 1’, ‘கதை 2’ என்று தனியாக இன்னொரு எண் தேவையில்லை. முன்னால் இருக்கும் எண்ணே வழி நடத்தும். நாலு வரித் திரை உள்ள சின்ன பிளேயர் என்றால் எண்ணுக்குப் பின்னால் வரும் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வரிசை கெடாது, ஆனால் எதைப் பாடுகிறது என்று கட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஃபைலுக்குள் எழுதியிருப்பதைப் பார்க்கும் பெட்டி

மூன்றாவது வகைக்கு ஃபைலின் பெயரே ஒரு பொருட்டில்லை. எம்பி3 ஃபைலுக்குள் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், டிராக் எண் முதலியவற்றை எழுத இடம் உண்டு. ஐடி3 டேக் என்பார்கள். 1996-இல் இது முதலில் வந்தபோது ஃபைலின் வாலில் 128 பைட் மட்டும் ஒதுக்கினார்கள். பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, மீதியில் ஆண்டும் குறிப்பும் வகையும். டிராக் எண்ணுக்கு இடமே இல்லை. அப்புறம் குறிப்புக்கு வைத்திருந்த 30-லிருந்து இரண்டைப் பிடுங்கி அதற்குக் கொடுத்தார்கள். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபைலின் தலைப் பக்கத்தில் எழுதுகிறது. அதில் பெயரின் நீளத்துக்குக் கஞ்சத்தனம் இல்லை, தமிழிலும் எழுதலாம், டிராக் எண்ணை ‘18-இல் 3’ என்கிற மாதிரி மொத்தத்தோடு சேர்த்தும் எழுதலாம்.

ஐபாடும், ஆன்ட்ராய்டு போனில் உள்ள மியூசிக் ஆப்களில் பெரும்பாலானவையும் இந்த வகை. டேக்கை வாசித்து ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து, ஆல்பத்துக்குள் டிராக் எண்படி ஓட்டும். பல படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பாட்டுகளை ஏற்றினால், ஒவ்வொன்றும் அதனதன் பழைய டிராக் எண்ணோடு வரும். ஃபைல் பெயரில் நீங்கள் என்ன எண் போட்டிருந்தாலும் அது செல்லாது.

தமிழ் சினிமாப் பாட்டுக்கென்றே ஒரு தொல்லையும் இங்கே உண்டு. ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறையும் வெவ்வேறு ஆட்கள் பாடியிருப்பார்கள். சில பிளேயர்கள் பாடியவர் மாறினால் ஆல்பமும் வேறு என்று முடிவு கட்டி, ஒரே படத்தை ஆறு ஆல்பமாக உடைத்து வைக்கும். இதைத் தடுக்கத்தான் டேக்கில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு பாட்டிலும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையே, போட்டுவிட்டால் எல்லாம் ஒன்று சேர்ந்துகொள்ளும். பாடியவர் கட்டத்தில் கை வைக்க வேண்டாம்.

டேக்கைத் திருத்த விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும்; லினக்ஸில் கிட்3 இருக்கிறது. எம்பி3டேக்கில் ஃபோல்டரைத் திறந்து, ஃபைல்களை வேண்டிய வரிசையில் வைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் இருக்கும் ஆட்டோ நம்பரிங் விசார்டை ஓட்டினால் டிராக் எண்கள் 1 முதல் வரிசையாக விழும். முன்னால் பூஜ்யம் சேர்க்கவும் அங்கேயே ஒரு டிக் இருக்கிறது. கன்வர்ட் மெனுவில், டேக்கில் இருக்கும் எண்ணையும் பெயரையும் எடுத்து ஃபைலுக்குப் பெயராக வைக்கவும் வழி இருக்கிறது. 150 ஃபைலுக்குக் கையால் பெயர் மாற்றிக்கொண்டு உட்காருவது வீண் வேலை.

உங்கள் பெட்டி எந்த வகை?

பெட்டியின் அட்டையில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். மூன்று எம்பி3 ஃபைல்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கேட்டவுடன் எது என்று தெரிகிற மாதிரி மூன்று வெவ்வேறு பாட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு 1, 2, 3 என்று பெயர் வையுங்கள். மூன்றின் டேக்கிலும் ஒரே ஆல்பம் பெயரைப் போட்டு, டிராக் எண்ணை மட்டும் வேண்டுமென்றே மாற்றிப் போடுங்கள்: 3 என்ற ஃபைலுக்கு டிராக் எண் 1, 1 என்ற ஃபைலுக்கு 2, 2 என்ற ஃபைலுக்கு 3. பாட்டின் பெயர் கட்டத்திலும் அந்த டிராக் எண்ணையே போட்டுவிடுங்கள். பிறகு ஒன்றுமில்லாத கார்டில் ஒரு புது ஃபோல்டர் போட்டு, அதில் முதலில் 2-ஐ, அது முடிந்த பிறகு 3-ஐ, கடைசியாக 1-ஐக் காப்பி செய்யுங்கள். ஒவ்வொன்றாக.

இப்போது பெட்டியில் செருகி ஓட விடுங்கள். 2 என்ற ஃபைல் முதலில் பாடினால் அது மொய் நோட்டு வகை. 1 முதலில் பாடினால் பெயர் பார்க்கிற வகை. 3 முதலில் பாடினால் டேக் வகை. இரண்டாவது பாட்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: முறையே 2-3-1, 1-2-3, 3-1-2 என்று போக வேண்டும். இந்த மூன்றிலும் சேராமல் வேறு மாதிரிப் பாடினால், வரிசையைக் கலைத்துப் பாடவைக்கும் ஷஃபிள் பட்டன் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சொல்லப்போனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்ன ஸ்பீக்கர்களில் ரிப்பீட்டும் ஷஃபிளும் ஒரே பட்டனில் மாறி மாறி வரும். கை பட்டு ஷஃபிளுக்குப் போனதைத் தெரியாமல் கார்டை நாலு தரம் ஃபார்மட் செய்கிறவர்கள் உண்டு.

ஏற்றும் முறை

சோதித்துப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், மூன்றையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்: பெயரில் எண், டேக்கில் எண், காப்பி செய்வதில் வரிசை. என் கருத்தில் இதுதான் நல்ல வழி. இன்றைக்குப் பெட்டியில் போடுகிற கார்டு நாளைக்கு மருமகனுடைய காருக்குப் போகும், மறுநாள் படகுக்குப் போகும். மூன்றும் சரியாக இருந்தால் எங்கே போட்டாலும் ஒரே மாதிரிப் பாடும்.

பெயர் மாற்றுவது, டேக் போடுவது எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்தே முடித்துவிட வேண்டும். கார்டுக்குள் வைத்துப் பெயரை மாற்றினால் திரையில் சரியாகிவிட்ட மாதிரி தெரியும். நோட்டுக்குள் வரிசை நாம் நினைத்தபடி மாறியிருக்காது. அதேபோல ஒரு பென் டிரைவிலிருந்து இன்னொரு பென் டிரைவுக்கு நேரடியாக ஏற்றாதீர்கள். அந்த பென் டிரைவின் நோட்டில் இருக்கிற குளறுபடியும் கூடவே வந்துவிடும்.

அடுத்து, கார்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். குயிக் ஃபார்மட் போதும். 32 ஜிபி வரை என்றால் ஃபேட் 32 என்பதைத் தேர்ந்தெடுங்கள்; பழைய பெட்டிகளில் பல எக்ஸ்ஃபேட் கார்டைக் கண்டால் கார்டே இல்லை என்று சொல்லிவிடும். 64 ஜிபி கார்டை வாங்கிப் போட்டு ‘பாடமாட்டேங்குது’ என்று திரும்பக் கடைக்கு ஓடுகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பாட்டுக் கேட்க எனக்கு 16 ஜிபியே தாராளம் என்று தோன்றும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 58 எம்பிதான் பிடிக்கும், கணக்குப் போட்டால் 16 ஜிபியில் 270 மணி நேரம்.

காப்பி செய்யும்போது ஃபைல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து இழுப்பதைவிட, ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி செய்வது மேல். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பொதுவாக என்டிஎஃப்எஸ் என்ற முறையில் இருக்கும். அது தன் பட்டியலைப் பெயர் வரிசையிலேயே வைத்துக்கொள்ளும். ஃபோல்டராக ஏற்றினால் அந்த வரிசையிலேயே கார்டின் நோட்டில் எழுதப்படும். அங்கேயும் 2-க்கு முன் 10 வரும் என்பதால் பூஜ்யம் சேர்த்த எண் இங்கேயும் கை கொடுக்கிறது. ஃபைல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மவுஸால் இழுத்தால், நீங்கள் எந்த ஃபைலைப் பிடித்து இழுத்தீர்களோ அது முதலில் போய்விடுவது உண்டு. ஏழாவது ஃபைலைப் பிடித்து இழுத்தவருக்கு ஏழாவது பாட்டு முதலில் பாடும். இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதல் ஃபைலைப் பிடித்து இழுங்கள்.

ஃபோல்டர்கள் பல இருந்தால் முதல் ஃபோல்டர் முழுக்க ஏறி முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். ஃபோல்டர்களுக்கும் 01, 02 போட வேண்டும், அவையும் நோட்டில் ஒரு வரிதான். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று போகாதீர்கள். சின்னப் பெட்டிகளுக்கு அது தலைசுற்றல். ஏற்றி முடிந்ததும் பட்டென்று பிடுங்காமல் இஜெக்ட் கொடுத்துக் கழற்றுங்கள், நோட்டின் கடைசி வரிகள் எழுதி முடியாமல் நின்றுவிடலாம். போனில் பென் டிரைவைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பி வழியாக ஏற்றுகிறவர்கள் ஒவ்வொன்றாக ஏற்றுவதே நல்லது, அங்கே ஒவ்வொரு ஆப்பும் தன் இஷ்டத்துக்குத்தான் வரிசை வைக்கும்.

ஏற்கெனவே நிரம்பிய கார்டை ஃபார்மட் செய்ய மனமில்லையா? நோட்டை மட்டும் அடுக்கி எழுதித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு டிரைவ்சார்ட், லினக்ஸுக்கு ஃபேட்சார்ட். பாட்டுகள் இருந்த இடத்தில் இருக்கும், பட்டியல் மட்டும் மாறும், அதனால் வேலை சட்டென்று முடியும். நடுவில் கார்டைப் பிடுங்கினால் பட்டியலே போய்விடும் என்பதால் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

மேக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒவ்வொரு ஃபைலோடும் புள்ளியும் அடிக்கோடும் போட்ட பெயரில் ஒரு குட்டி ஃபைலையும் கார்டில் போட்டுவிடும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். பாட்டுக்குப் பாட்டு நடுவே பெட்டி விக்கி நின்றால் காரணம் அந்தக் குட்டிதான். வேறு கம்ப்யூட்டரில் போட்டு அவற்றை அழித்துவிடலாம்.

பிளேலிஸ்ட் ஃபைல் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். எம்3யு என்கிற பிளேலிஸ்ட், வரிக்கு ஒரு ஃபைல் பெயராக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு. போனில் நன்றாக வேலை செய்யும். நாலு பட்டன் பெட்டி அதைச் சீண்டவே சீண்டாது.

வெட்டவே வேண்டாம், மூன்று மணி நேரப் பாட்டையும் ஒரே ஃபைலாகப் போட்டுவிடலாமே என்றால், அதுவும் ஒரு வழிதான். ஃபேட் 32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மணி நேரம் 200 எம்பியைக்கூடத் தொடாது. ஆனால் விட்ட இடத்தை நினைவில் வைக்கிற பெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் மரத்தடியில் பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, மறுநாள் மறுபடி காப்பிலிருந்து கேட்க வேண்டும். வெட்டுவதாக இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில், வெட்டும் இடங்களில் லேபிள் போட்டு, மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது பெயருக்கு முன்னால் எண் சேர்க்கச் சொன்னால் அதுவே 01, 02 என்று போட்டுத் தந்துவிடும்.

நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தால் பெயர் பார்க்கிற பெட்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதலிலேயே 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண் போட்டு வைத்திருந்தால், விட்டுப்போன பகுதிக்கு 025 என்று பெயர் வைத்துக் கார்டில் போட்டாலே அது தன் இடத்தில் போய் நிற்கும். மொய் நோட்டுப் பெட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரில் சேர்த்து, கார்டில் உள்ளதை அழித்து, மறுபடி மொத்தமாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் எண் போட்ட மூல ஃபோல்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடாதீர்கள்.